வாயாடியின் கணையம்

என் கணையம் லீவு போட்டதுக்கு எனக்கு ஏன் தண்டனை?

மனதுக்குள் மட்டும்தான் கேட்டாள். வகுப்பில் அவளுக்கு ‘வாயாடி’ என்று பெயர். ஆனாலும் இந்த ஒரு கேள்வியை மட்டும் மூன்று வாரமாக மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரத்துக்கு முன், சாப்பாட்டு அறையில் அவள் இன்சுலின் ஊசியை எடுத்ததுமே, பக்கத்தில் இருந்த வகுப்புத் தோழன் ‘பயில்வான்’ தொப்பென்று விழுந்துவிட்டான். மலையையே தூக்கிவிடுவேன் என்று சவடால் விடுகிறவன்! நகத்தைவிடச் சின்ன ஊசியைப் பார்த்து மயங்கிவிட்டான்.

மறுநாள் வகுப்பு டீச்சர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். “இனிமே ஸ்டோர் ரூம்ல போய் போட்டுக்கோம்மா. பசங்க பயப்படறாங்க.”

அன்றிலிருந்து மதிய மணி அடித்ததும் மற்றவர்கள் சாப்பாட்டு அறைக்கு ஓடுவார்கள். அவள் மட்டும் உடைந்த நாற்காலிகளுக்கும் துடைப்பங்களுக்கும் நடுவே, பள்ளி நர்ஸ் அக்காவோடு நிற்பாள். ஊசி போட்டுக்கொண்டு திரும்புவதற்குள் தோழிகள் பக்கத்தில் இடம் இருக்காது. கடைசி மேசையில் தனியாகச் சாப்பிடுவாள்.

இன்று ஸ்டோர் ரூமில் இன்னொருத்தியும் இருந்தாள். இரண்டாம் வகுப்புக் குட்டி. முன்பல் இரண்டும் இல்லை. கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து விசும்பிக்கொண்டிருந்தாள்.

“இவளுக்கும் உன்னை மாதிரி சர்க்கரை நோய்தான். போன மாசம்தான் தெரிஞ்சது, இன்னிக்குத்தான் திரும்ப ஸ்கூலுக்கு வந்திருக்கா,” என்றார் நர்ஸ் அக்கா.

குட்டி மூக்கை உறிஞ்சினாள். “அக்கா, நாம என்ன தப்பு பண்ணினோம்? நான் மிட்டாய் நிறைய தின்னேனே, அதனாலயா?”

“ஐயோ, இல்லடா கண்ணு!” என்றாள் வாயாடி. “வயித்துக்குள்ள கணையம்னு ஒரு சுரப்பி இருக்கு. இன்சுலின் செய்யறது அதோட வேலை. அது இருந்தாத்தான் சாப்பாட்டுல இருக்கிற சர்க்கரை உடம்புக்குப் பயன்படும். நமக்கு அது இன்சுலின் செய்யறதில்ல. அதனால ஊசி வழியா போட்டுக்கறோம். அவ்வளவுதான்.”

“அப்ப ஏன் ஒளிஞ்சிருக்கோம்?”

தனக்கு வந்த கேள்வியை வாயாடியால் விழுங்க முடிந்தது. இந்தக் குட்டியின் கேள்வி தொண்டைக்குள் இறங்க மறுத்தது.

“எழுந்திரு. சாப்பாட்டு ரூமுக்குப் போறோம்.”

“டீச்சர் என்னைத் திட்டுவாங்கடி!” என்ற நர்ஸ் அக்கா பலமாகத் தும்மினார். ஒட்டடையைத் தட்டிவிட்டு, மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். “சரி, திட்டட்டும்!”

நடு மேசைக்கே போனாள் வாயாடி. “பயில்வான், தள்ளிக்கோ. ஊசி போடப்போறோம். முன்னாடியே சொல்லிட்டேன்.”

அவன் முகம் வெளுத்தது. “நான் ஓடிடட்டுமா?”

“எதுக்கு? கண்ணை மூடிக்கோ. ஊசி குத்தினதும் மருந்து முழுசா இறங்கப் பத்து எண்ணணும். நீ எண்ணு.”

பயில்வான் இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு எண்ணினான். பயத்தில் ஆறு மட்டும் இரண்டு தடவை வந்தது. குட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“எனக்கும் எண்ணுங்க!” என்றாள்.

இந்தத் தடவை மேசை முழுக்கச் சேர்ந்து எண்ணியது.

சத்தம் கேட்டு டீச்சர் விரைந்து வந்தார். “என்னம்மா இது? உனக்குன்னு தனியா இடம் கொடுத்திருக்கேன் இல்ல?”

வாயாடியின் காது சூடானது. ஆனாலும் எழுந்து நின்றாள். “பயப்படறவங்க கண்ணை மூடிக்கலாம் டீச்சர். நாங்க ஏன் கதவை மூடிக்கணும்?”

டீச்சர் பயில்வானைத் திரும்பிப் பார்த்தார். பொத்திய கையை எடுக்காமலே அவன் சொன்னான்: “நான் விழல டீச்சர்!”

டீச்சரின் குரல் தணிந்தது. “சரி... நாளையிலேர்ந்து அந்தச் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாவது போட்டுக்கோங்களேன்?”

குட்டி அண்ணாந்து வாயாடி அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

“வேண்டாம் டீச்சர்,” என்றாள் வாயாடி, மெதுவாக. “நாங்க இப்படியே உட்கார்ந்துக்கறோம்.”

பிறகு உட்கார்ந்து, தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.