புரவலன்: தெரியவில்லை

ஸ்பிரிட்டில் பத்து நாள் ஊறிய பூச்சியிலிருந்து புளித்த பாலின் வாடை வரக் கூடாது. ஆனால் அவள் குப்பியைத் திறந்ததும், அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் வருஷக்கணக்காகத் தேங்கிக் கிடந்த அந்துருண்டை நெடியையும் மீறி, அந்த வாடை அவள் தொண்டை வரைக்கும் இறங்கியது.

பாலைவனத்தில் போர்வெல் போடும் வேலைக்குப் போன அண்ணன் கொண்டுவந்தது. "கூடாரத்துல என் படுக்கைக்கு அடியில கிடந்துச்சு குட்டி. உனக்குப் பிடிக்குமேன்னு எடுத்துட்டு வந்தேன்" என்று கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

வெல்வெட் எறும்பு. எறும்பு என்பது பேச்சுக்குத்தான். இறக்கையில்லாத பெண் குளவி. மண்ணுக்குள் கூடு கட்டும் தேனீக்களின் அறையை உடைத்து, உள்ளே தூங்கும் புழுவின் மேல் முட்டையிடும். அந்தப் புழு, முட்டையிலிருந்து வரும் குளவிப் புழுவுக்கு இரை. ஆய்வு ஏடுகளில் அதற்குப் பெயர் புரவலன்.

நுண்ணோக்கிக்கு அடியில் வெள்ளை ரோமம் நனைந்து, சிக்குப் பிடித்து, இடுக்கியால் தொட்டதும் பிசுக்கோடு கொத்தாகப் பெயர்ந்து வந்தது. உணர்கொம்பின் கணுக்களை எண்ணினாள், வயிற்றுப் புள்ளிகளை ஏட்டோடு ஒப்பிட்டாள். மூன்று மணிக்குப் பெயர் கிடைத்தது. இதுவரை ஒரே ஒருமுறை அகப்பட்ட இனம். அதற்கு நேரே ஒரு வரி: புரவலன், தெரியவில்லை.

அப்போதுதான் தாடையிடுக்கில் அந்தத் துணுக்கைப் பார்த்தாள். பிரித்து விரித்தாள். மெல்லிய ஜவ்வு. அதில் சின்னக் குழிகள். ஒரு கறுப்பு முடி.

தன் முன்கையை லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்தாள். அதே குழிகள். அதே வரிகள்.

அண்ணிக்குப் போன் போட்டாள்.

"தூங்கறார். வந்ததுல இருந்து அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம்தான்."

"சாப்பிடறானா?"

"ரெண்டு வாய்தான். ஆனா உடம்பு மட்டும் ஊதிக்கிட்டே போகுது. முதுகு அரிக்குதாம்."

இரண்டு தெரு தள்ளியிருந்த அண்ணன் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். ஜன்னல் வழியே நல்ல வெயில். அண்ணன் குப்புறப் படுத்திருந்தான். பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. உரித்தெடுக்க வேண்டியிருந்தது.

ரத்தம் இல்லை. புண் இல்லை. தோள்பட்டைக்குக் கீழே ஒரு வட்டம். காசளவு. உள்ளேயிருந்து கத்தரித்தாற்போல் சுத்தமாக. தோல் மூடி போல் ஒரு பக்கம் தொங்கியது. உள்ளே சதை இல்லை. வழவழவென்று ஒரு குழி. காலி.

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

"வலிக்குதாண்ணா?"

அவன் கண் திறக்கவில்லை. "இல்ல குட்டி. கொஞ்சம் சொறிஞ்சு விடேன்."

"எங்கேண்ணா?" என்று அவள் குனிந்தாள். தோளிலிருந்து இடுப்பு வரை, தோலுக்கு அடியில், உருண்டை உருண்டையாகப் புடைத்திருந்தவை, அவள் குரல் வந்த பக்கம், எல்லாம் ஒன்றாகத் திரும்பின.