வெள்ளைக் கோழியின் மூன்று இறகுகள்

"ஐயா, நாளைக் காலைல எங் கோழி அஞ்சையும் கழுத்தறுத்துப் பெரட்டுக்களத்துக்குக் கொண்டாரணுமாம். கண்டாக்கையா உத்தரவு!"

ஊசிமலைத் தோட்டத்து மருந்துச்சாலைக்குள் காளியாயி நுழைந்த வேகத்தில் கதவு சுவரில் மோதித் திரும்பியது. கொழுந்துக் கூடை இன்னும் முதுகில்தான் தொங்கியது. மலையிலிருந்து பாதி வேலையில் இறங்கி வந்திருக்கிறாள்.

மருந்தையா சிவசாமி, ஊசியைக் கொதிநீரில் போட்டுவிட்டு நிமிர்ந்தார். அவருக்கு எதிலும் அவசரம் கிடையாது. அந்த அவசரத்தையெல்லாம் சேர்த்துப் படுகிறவன், புண்ணுக்குக் கட்டுப்போடும் உதவியாள் அழகுமுத்து. நாற்பது வயதாகியும் வாரப்பத்திரிகையில் வரும் மர்மத் தொடர்களை ஓர் எழுத்து விடாமல் படிப்பவன்.

"கொலை உத்தரவா?" என்றான் அழகுமுத்து கண்கள் மின்ன.

"ஒங்களுக்கு வெளையாட்டா இருக்கா அண்ணே? எங்க வூட்டுக்காரரு நெஞ்சு வியாதியோட நுவரெலியா ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தப்ப, தெனம் ஒரு முட்டை குடுன்னு மருந்தையாதானே சொன்னாங்க? ரெண்டு மாசத்துல எழும்பி நடக்குறாரு. கோழி போச்சுன்னா அவரும் திரும்பப் படுக்கையிலதான். நான் விட மாட்டேங்க ஐயா. கழுத்தறுக்கணும்னா மொதல்ல எங் கழுத்த அறுக்கட்டும்!"

"உக்காரு. என்ன நடந்துச்சு, மொதல்லேர்ந்து சொல்லு."

நடந்தது இதுதான். தேயிலை நாற்று வளர்க்கும் தவறணையில், அன்று செவ்வாய்க்கிழமை காலை ஒரு பாத்தி முழுவதும் கிளறப்பட்டு, நாற்றுகள் சிதறிக் கிடந்தன. நடுவில் மூன்று வெள்ளை இறகுகள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வெள்ளைக் கோழி காளியாயியிடம் மட்டுந்தான் இருந்தது. தவறணைக்குக் காவலிருந்து தண்ணீரும் ஊற்றும் சோலைமலை, அந்தக் கோழியும் அதன் கூட்டமும் விடியற்காலையில் வேலி மேலால் பறந்து வந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னான். வேலைக்குப் பெயர் கூப்பிடும் காலைப் பெரட்டில், இருநூறு பேர் முன்னிலையில், தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா கணேசமூர்த்தி தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"நீ ஏன் அதுகளை அவுத்து விடுற தங்கச்சி?" என்று கேட்டான் அழகுமுத்து.

"அடைச்சி வச்சா முட்டை விடாது. அவுத்து விட்டா மேல பருந்து, கீழ கீரி. ரெண்டுக்கும் தப்பிச்சா வேலி தாண்டி அடுத்த வூட்டு போஞ்சிக்கொடிப் பாத்தி! அதுக்குத்தான் ஞாயித்துக்கெழமை அஞ்சையும் தொரத்திப் புடிச்சி, ஒரு பக்கத்து றெக்கைய வெட்டிவிட்டேன். நான் வழுக்கி விழுந்து எழும்புறதப் பாத்து லயமே சிரிச்சிச்சி. இதைச் சொன்னா, 'பறக்காட்டி நடந்து போயிருக்கும்'ங்குறாரு கண்டாக்கையா."

"வெட்டின இறகை என்ன செஞ்ச?"

"லயத்துக்குப் பின்னால குப்பையில போட்டேன். எதுக்குங்க ஐயா?"

சிவசாமி குளிர்க் கோட்டை மாட்டிக்கொண்டு தவறணைக்குக் கிளம்பினார்; மற்ற இருவரும் பின்னால் நடந்தார்கள்.

தவறணையைச் சுற்றி மார்பளவு கம்பி வேலி. அதன் அடியில் மண்ணுக்குள் பதித்த பலகை. சோலைமலை தன் கழுத்துக் கயிற்றில் தொங்கிய சாவியால் பூட்டைத் திறந்துவிட்டான். உள்ளே கண்டாக்கையா இடுப்பில் கைவைத்து நின்றார்.

"என்னங்க சிவசாமி, கோழிக்கு மருந்து குடுக்க வந்தீங்களா?"

"நோய் எங்கேன்னு பாக்க வந்தேன்."

அழகுமுத்து நாலு காலில் தவழ்ந்து வேலியடியைச் சுற்றி வந்தான். எழும்பியபோது முழங்கால் இரண்டும் மண்.

"ஐயா, பலகையில ஓட்டையே இல்ல. குஞ்சு நுழையவும் எடமில்ல. அப்ப ஒன்னே ஒன்னுதான். கீரி! கீரிதான் கோழியைக் கவ்விக்கிட்டு வேலி ஏறியிருக்கு!"

"அஞ்சு கோழியும் கூட்டுல உசிரோட இருக்குதுங்க அண்ணே," என்றாள் காளியாயி.

சிவசாமி பாத்தியருகே குந்தினார். சிதறிக்கிடந்த நாற்று ஒன்றை எடுத்துக் கசக்கினார். இலை மொறுமொறுவென்று நொறுங்கிற்று. பிறகு ஆட்காட்டி விரலை மண்ணுக்குள் செலுத்தி வெளியே எடுத்தார். விரல் நுனியில் காய்ந்த புழுதி. அதற்கு மேலே ஈரச் சேறு.

"அந்த இறகைக் காட்டுறீங்களா?"

கண்டாக்கையா பைக்குள்ளிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். சிவசாமி மூன்று இறகுகளையும் புரட்டிப் பார்த்தார். பொட்டலத்தை மறுபடி மடித்தபோது அவர் முகத்தில் ஒரு முடிவு தெரிந்தது.

"கோழிங்க இங்க வரல. இந்த இறகே அதுக்குச் சாட்சி."

"என்னங்க இது? இறகு கெடந்ததாலதானே கோழியப் புடிச்சோம்!"

"தானா உதிர்ற இறகு, வேரோட கழண்டு வரும். அடி நுனி கூராத் தேஞ்சிருக்கும். இதுல மூணுலயும் அடி நேரா நறுக்கியிருக்கு. கத்திரி வேலை. வெட்டின இறகு, வெட்டின எடத்துலதான் விழும். அது லயம். அங்கேர்ந்து இங்க இதை ஒரு ஆள்தான் கொண்டாந்து போட்டிருக்கணும். இன்னொன்னு. இந்த இறகை எழந்த கோழிக்கு இந்த உயர வேலியைப் பறந்து தாண்டத் தெம்பில்ல. அடியில வழியில்லன்னு அழகுமுத்து முழங்காலே சொல்லுது."

"அப்ப பாத்தியக் கெளறினது யாரு?"

"மொதல்ல, நாத்து எப்ப செத்துச்சுன்னு கேளுங்க. விடியக்காலை புடுங்கின நாத்து, இந்நேரத்துக்குள்ள இப்படி நொறுங்காது, வாடித்தான் கெடக்கும். இது ரெண்டு மூணு நாளாக் காஞ்சது. மேல் மண்ணு ஈரம், அடி மண்ணு புழுதி. இந்த மாசி வெயில்ல அத்தன நாளும் தண்ணி காட்டாம விட்டு, இன்னைக்குக் காலைல மட்டும் அவசரமா ஊத்தியிருக்காங்க. நாத்து செத்ததை மறைக்கத்தான் கோழி மேல பழி."

சிவசாமி குரலை உயர்த்தாமலே தொடர்ந்தார்.

"பூட்டின தவறணைக்குள்ள வர சாவி வேணும். சாவி ஒருத்தன் கழுத்துலதான் இருக்கு. ஞாயித்துக்கெழமை காளியாயி கோழி தொரத்துனதப் பாத்து லயமே சிரிச்சிருக்கு. றெக்கை வெட்டினது தெரிஞ்ச எவனும் 'கோழி பறந்து வந்துச்சு'ன்னு சொல்ல மாட்டான். அப்படிச் சொன்னவன் ஞாயித்துக்கெழமை லயத்துலயே இல்ல. எங்க போயிருந்த, சோலைமலை?"

சோலைமலையின் கை தானாகவே கழுத்துச் சாவியைப் பற்றிக்கொண்டது.

"உடப்புசல்லாவைக்குங்க ஐயா. தங்கச்சி மக சமைஞ்சிட்டா. தாய்மாமன் நான் குச்சில் குடிசை கட்டலேன்னா புள்ளைக்குத் தண்ணி ஊத்துவாங்களா? லீவு கேட்டேன், கண்டாக்கையா குடுக்கல. சனி மத்தியானம் சொல்லாமப் போனேன். நேத்து சாயங்காலம் வந்து பாத்தா நெழல் இல்லாத இந்தப் பாத்தி பூரா கருகிக் கெடக்கு. குடியிருக்குற காம்பராவ விட்டே தொரத்திருவாங்கன்னு பயந்து, விடியக் கருக்கல்ல குப்பையத் தடவி எறகை எடுத்தேன். வெட்டின எறகுன்னு அந்த இருட்டுல தெரியலைங்க."

"இன்னைக்கே ஒம் பேரை வெட்டுறேன்!" என்று பாய்ந்தார் கண்டாக்கையா.

"கொஞ்சம் பொறுங்க," என்றார் சிவசாமி. "லீவு மறுத்தீங்க, சரி. திங்கக்கிழமை பூரா நீங்க தவறணைப் பக்கம் வந்தீங்களா? வந்திருந்தா நேத்தே தெரிஞ்சிருக்குமே. தோட்டத்துத் தொரை கேட்டா ரெண்டு பேரும் சேந்துதான் பதில் சொல்லணும்."

கண்டாக்கையா வேலிக் கம்பியைப் பார்த்தார். கடைசியில், சோலைமலை அந்தப் பாத்தியைத் தன் கையாலேயே திரும்ப நட்டு முடிப்பது என்று தீர்ந்தது.

"மன்னிச்சிரு அக்கா," என்றான் சோலைமலை.

"ஒன்னோட அப்புறம் பேசிக்கிறேன்," என்ற காளியாயி கண்டாக்கையா பக்கம் திரும்பினாள்.

"ஒன் வேலை முடிஞ்சிச்சில்ல? கோழிய வச்சிக்க, போ," என்றார் அவர்.

"முடியலைங்க ஐயா. பெரட்டுல வச்சித்தானே எங் கோழியத் திருட்டுக் கோழின்னீங்க? இன்னைக்கு இங்க நாலு பேருக்குத் தெரிஞ்சா போதாது. நாளைக்கு எவன் பாத்தி கெட்டாலும் எங் கூட்டுக்குத்தான் வருவாங்க. பெரட்டுல வச்சே இல்லேன்னு சொல்லணும்."

"கண்டாக்கு ஒரு கோழிக்காகப் பெரட்டுல பேசுறதா?"

"ஒரு கோழி இல்லைங்க. அஞ்சு."

அழகுமுத்துவுக்குச் சிரிப்பு வெடித்தது. சிவசாமி ஒரு பார்வையில் அதை அடக்கினார். கண்டாக்கையா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

மறுநாள் காலை ஆறு மணி. பனிமூட்டம் விலகாத பெரட்டுக்களத்தில் இருநூறு பேர் கம்பளிக்குள் ஒடுங்கி நின்றார்கள். அழகுமுத்துவும் சிவசாமியும் ஓரமாக நின்றார்கள். காளியாயி முன் வரிசையில் வெறுங்கையோடு நின்றாள். அறுத்த கோழி எங்கே என்று எல்லாக் கண்களும் தேடின.

கண்டாக்கையா தொண்டையைக் கனைத்தார். பெயர்ப் புத்தகத்தைப் பார்த்தபடியே முணுமுணுத்தார்.

"தவறணையில கெளறினது காளியாயி கோழி இல்ல. உத்தரவு ரத்து. சரி, பேரு கூப்புடுறேன்..."

"பின் வரிசைக்குக் கேக்கலைங்க ஐயா," என்றாள் காளியாயி.

கண்டாக்கையா புத்தகத்தை மூடினார். நிமிர்ந்து, மலை எதிரொலிக்கும்படி, ஒவ்வொரு சொல்லாகத் திரும்பச் சொன்னார்.

காளியாயி கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டாள்.

"இப்ப கூப்புடுங்க ஐயா, எம் பேர."