'முடிந்தது' என்று ஒரு பொத்தான்

முதல் நாள் காலை ஒன்பதரைக்கு நான் போய் நின்றபோது வாசலில் பெயர்ப்பலகைகூட இல்லை. பழைய வீடு. வாசலில் கிடந்த பத்து ஜோடிச் செருப்பைப் பார்த்துத்தான் கம்பெனி இதுதான் என்று தெரிந்துகொண்டேன். கூடத்தில் எல்லோரும் லேப்டாப்பும் கையுமாக இருந்தார்கள். இன்டர்னான எனக்குக் கிடைத்தது பின்பக்கச் சமையலறை. அடுப்பு இருந்த மேடையில் ஒரு திரை, எதிரே ஒரு உயரமான ஸ்டூல். பக்கத்தில் பூட்டிய குளியலறை. அதன் குழாய்களைக் கழற்றிவிட்டுக் காலி அட்டைப்பெட்டிகளை அடைத்து வைத்திருந்தார்கள்.

முதலாளியைச் சார் என்று கூப்பிடக் கூடாதாம். ப்ரோ. இங்கே எல்லோரும் ஒரே குடும்பம் என்றார். குடும்பத்தில் கடைக்குட்டி தலையில் என்னென்ன விழுமோ அதெல்லாம் என் தலையில் விழுந்தது. மூன்று மாதம் ஒழுங்காக ஓட்டினால் வேலை நிரந்தரம். அந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் சாக்குப்போக்காகத் தெரியும்.

எங்கள் ஆப்பின் பெயர் 'துணை'. தனியாக வாழும் வயதானவர்கள் எதை எழுதினாலும் இயந்திரம் உடனே பதில் சொல்லும், ஆபத்து என்றால் ஆளை அனுப்பும் என்பது விளம்பரம். இயந்திரம் இன்னும் தயாராகவில்லை. தயாராகும்வரை அந்த இயந்திரம் நான்தான். மனுஷி என்று மட்டும் மூச்சுவிடக் கூடாது. பதில் சொல்லி ஆனதும் 'முடிந்தது' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். மெசேஜ் என் திரையில் உள்ள பலகையிலிருந்து மறைந்துவிடும். அனுப்பியவருக்கு "உங்கள் பிரச்சினை தீர்ந்தது. மகிழ்ச்சி!" என்று தானாகப் போகும்.

அதிகம் எழுதியவர் பூனை அம்மா. பெயர் நான் வைத்தது. பூனையைக் காணோம், பூனை வந்துவிட்டது, குளியலறைக் குழாய் சொட்டுகிறது, இதுதான் அவருடைய செய்தி. மதியம் ஒரு மணி ஆனால் மெஷினைப் பார்த்து "சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்பார். வயிறு காயக் காய நான் தயாராக வைத்திருந்த பதிலை அனுப்புவேன்: "நான் ஒரு மென்பொருள். எனக்குப் பசிக்காது." என் வீட்டில்கூட யாரும் அப்படித் தினமும் கேட்டதில்லை.

மூன்றாம் மாதம் முதலீட்டாளர்கள் வந்தார்கள். பதினொரு மணிக்கு டெமோ. பத்து ஐம்பத்தைந்துக்கு ப்ரோ சமையலறைக்குள் தலையை நீட்டி, கூடத்துப் பெரிய திரையில் நிலுவை பூஜ்யம் என்று தெரிய வேண்டும் என்றார். பலகையில் பதின்மூன்று மெசேஜ்கள். படிக்க நேரமில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தேன். கடைசி மெசேஜின் முதல் இரண்டு வார்த்தை மட்டும் கண்ணில் பட்டது.

"கண்ணு, குளியலறையில..."

மறுபடியும் குழாய்தான் என்று நினைத்தேன்.

முடிந்தது.

கூடத்தில் கைதட்டல் கேட்டது. கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு வந்தது. மதியம் ஒரு மணிக்கு யாரும் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. அது எனக்கு உறைக்கவேயில்லை.

இரண்டு நாள் கழித்து பூனை அம்மாவின் மகள் போன் செய்தாள். அம்மா குளியலறையில் விழுந்து இறந்துகிடந்தாராம். போனும் வாளித் தண்ணீரில் விழுந்து செத்துப்போயிருந்ததாம். அவள் குரல் அழுது அழுது தேய்ந்திருந்தது.

"அம்மா கடைசியா உங்களுக்கு எதாவது அனுப்பினாங்களாங்க?"

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த மெசேஜைத் தேடித் திறந்தேன். 'கண்ணு, குளியலறையில வழுக்கி விழுந்துட்டேன். எந்திரிக்க முடியல. யாரையாவது அனுப்பு.' ப்ரோ எதிரில் நின்று தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

"இல்லைங்க" என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன். சாயங்காலமே பூனை அம்மாவின் கணக்கை அழித்தார்கள். மறுநாள் எனக்கு நிரந்தர வேலைக்கான கடிதம் வந்தது. தப்பு உன்னுடையது இல்லை, நடைமுறையுடையது என்றார் ப்ரோ. அந்த வார்த்தையை இறுகப் பிடித்துக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

அடுத்த திங்கட்கிழமை, நல்ல வெயில். கூடத்தில் இருந்த எல்லோரும் வெளியே சாப்பிடப் போயிருந்தார்கள். பலகையில் பூஜ்யம் ஒன்றாக மாறியது.

"சாப்பிட்டியா கண்ணு?"

அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. 'முடிந்தது' அழுத்தினேன். மறைந்தது. திரும்ப வந்தது. கூடத்துப் பெரிய திரையை எட்டிப் பார்த்தேன். அங்கே பூஜ்யம்.

பூட்டிய குளியலறைக்குள் சொட்டு விழுந்தது.

குழாயே இல்லாத குளியலறை.

கதவின் அடியிலிருந்து நனைந்த சோப்பு வாசனை மெல்ல ஊர்ந்து வந்தது. சொட்டு. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி சொட்டு. பிறகு ஈரத் தரையில் எதையோ இழுப்பதுபோல ஒரு சத்தம், ஒரு முழம் வந்து நின்றது. கால்களைத் தூக்கி ஸ்டூலின் மேல் வைத்துக்கொண்டேன்.

நான்கு நாள், தினமும் ஒரு மணிக்கு. ஒவ்வொரு நாளும் அந்த இழுபடும் சத்தம் கதவுக்கு ஒரு முழம் கிட்டே வந்தது. ஐந்தாம் நாள் பொறுக்க முடியாமல் தட்டச்சு செய்தேன்.

"அம்மா, நான் மெஷின் இல்லை. மனுஷி."

மூன்று புள்ளிகள் துள்ளின. நின்றன. மறுபடி துள்ளின.

"தெரியும் கண்ணு. மெஷினா இருந்தா படிச்சிருக்கும்."

அப்போதே எழுந்து வெளியே வந்தேன். செருப்புகூடப் போடாமல் தெருவில் நின்று மகளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். மெசேஜ், பொத்தான், கேக், நான் சொன்ன பொய். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"எத்தனை மணிக்கு அனுப்பினாங்க?"

"பத்து ஐம்பதுக்கு."



"சாயங்காலம் வரைக்கும் உயிர் இருந்திருக்கும்னு டாக்டர் சொன்னாரு" என்றாள். வைத்துவிட்டாள்.

வேலையை விட்டேன். கடிதத்தைக் கிழித்தேன். 'துணை' ஆப் என் போனில் எப்போதுமே இருந்ததில்லை. உண்மையைச் சொல்லியாகிவிட்டது, இனி வராது என்று நம்பினேன்.

இன்று மதியம் வீட்டில் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வாய் எடுக்கும்போது போன் அதிர்ந்தது. மணி ஒன்று. ஆனால் இன்று அவர் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

"இன்னும் இங்கேயேதான் கிடக்கேன் கண்ணு. யாரையாவது அனுப்பு."

அதற்குக் கீழே, அலுவலகத் திரையில் மட்டுமே இருக்கும் அந்தப் பொத்தான். விரலை அதன் பக்கம் கொண்டுபோகவில்லை. இந்த முறை கடைசிவரை படித்தேன். இன்னும் ஒரு வரி இருந்தது.

"யாரும் இல்லேன்னா, நீயே வா."

என் வீட்டுக் குளியலறையில் சொட்டு விழுகிறது.