அனுசரணைப் பெட்டி

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆழியார் அடிவாரத்தில் கைப்பிடிக் கழகத்தார் கூடுவது கோயமுத்தூரே அறிந்த விஷயம். மற்ற நாள்களில் அவர்களும் எல்லாரையும் போலத் தாமாக ஓடும் தானோடி வண்டிகளில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டு போகிறவர்கள்தான். ஞாயிறு வந்துவிட்டால் மட்டும் தோல் கையுறை, கறுப்புக் கண்ணாடி, ஒரு தனி நடை. ஸ்டீயரிங் உள்ள பழைய வண்டிகளை வைத்துக்கொள்ள, சாலைகளை ஆளும் அரசுத் துறையான சாலையகம் இவர்களுக்கு மட்டும் உரிமம் கொடுத்திருந்தது. வால்பாறைச் சாலையின் நாற்பது வளைவுகளையும் சொந்தக் கையால் திருப்பிக்கொண்டு மேலே போவார்கள். போய்ச் சேர்ந்ததும் ஓட்டிய அழகுக்கு வண்டித் திரையில் மதிப்பெண் வரும். அதை வைத்துக்கொண்டு அடுத்த ஞாயிறுவரை ஒருவர் வயிற்றெரிச்சலை ஒருவர் கொட்டிக்கொள்வார்கள்.

குணவதி அந்தக் கழகத்தின் ஒரே பெண். திருப்பூர் பின்னலாடைக் கம்பெனி ஒன்றில் துணி கொள்முதலுக்குத் தலைவியாக இருந்து ஓய்வு பெற்றவள். கண்ணை மூடிக்கொண்டு துணியைத் தடவி, இது எந்த ரகம், எத்தனை சலவை தாங்கும் என்று சொல்லிவிடுவாள் என்று பேச்சு. அவளுடைய இரண்டு கதவுச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், தானோடிகள் வருவதற்கு முன்பே அவள் தன் சம்பளத்தில் வாங்கியது. பன்னிரண்டு ஆண்டுக்கு முன் தானோடிகளுக்கான புதுச்சட்டம் வந்தபோது அதுவும் அங்கீகாரப் பட்டறைக்குப் போனது. திரும்பி வரும்போது பெட்ரோல் எஞ்சினுக்குப் பதில் பேட்டரி இருந்தது. டேஷ்போர்டுக்குப் பின்னால் முத்திரை வைத்த ஒரு சாம்பல் நிறப் பெட்டியும் இருந்தது. அதற்கு அனுசரணைப் பெட்டி என்று பெயர். கைக்கும் சாலைக்கும் நடுவே சின்ன உதவி செய்யும், அவ்வளவுதான் என்றார்கள். அரசாங்கம் 'அவ்வளவுதான்' என்று சொன்னால் யாரும் அதற்கு மேல் கேட்பதில்லை.

அன்றைக்கு மலைமேல் டீக்கடையில் குணவதி வாயை விட்டுவிட்டாள். "ஸ்டீயரிங் பிடிச்சா ஒண்ணுமே தெரியறதில்லீங்க. நூறு தடவை துவைச்ச பனியனைப் பிடிச்ச மாதிரி இருக்குது."

கழகத் தலைவர் பழனிவேலப்பன் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். சர்க்கரை ஆலையில் பெரிய பதவியில் இருந்தவர். கையுறை கழற்றுவதைக்கூட நாலு பேர் பார்க்கும்படிதான் செய்வார்.

"வயசாகுதல்லங்க அம்மணி. கை மரத்துப் போறது சகஜந்தான். என்ற வண்டியில ரோட்டுல கெடக்கற கூழாங்கல்லு வரைக்கும் எனக்குத் தெரியுது."

டீக்கடையே சிரித்தது. குணவதி சிரிக்கவில்லை. மரத்துப்போனது வண்டியா கையா என்று பார்த்துவிடுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

உக்கடத்தில் பட்டறை வைத்திருந்த இருதயராஜ் அவளுடைய பழைய மெக்கானிக். இப்போது தானோடிகளுக்கு இருக்கை உறை தைத்துக்கொண்டிருந்தான். அவள் கூப்பிட்டதும் கருவிப் பெட்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். முதலில் டயர்களில் காற்றழுத்தத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். வித்தியாசமில்லை. சஸ்பென்ஷனில் நைந்துபோன ரப்பர் புஷ்களை எடுத்துவிட்டு, கெட்டியான புதுப் புஷ்களைப் போட்டார்கள். உட்கார்ந்தால் இடுப்பு ஆடியது, ஸ்டீயரிங் மட்டும் அதே பழைய பனியன். சக்கரங்களைத் திருப்பும் டை ராடு முனைகளை மாற்றினார்கள். ஸ்டீயரிங்கின் பல்சட்டமான ரேக்கை இறுக்கினார்கள். ஞாயிறன்று மலையேறினால் அதே மந்தம்.

இதற்குள் அவளுடைய அடுக்குமாடிக் குடியிருப்பில் கதை பரவிவிட்டது. பேரன் பேத்தி எடுக்கிற வயதில் ஒரு பொம்பளை காருக்கடியில் படுத்துக்கிடக்கிறாள் என்றார்கள். நீச்சல் குளத்துக்குப் போகிற வழி அதுவல்ல என்றாலும் பலர் அந்த வழியாகவே போனார்கள். குணவதிக்கு எரிச்சலாகிவிட்டது. வண்டியை லிஃப்டில் ஏற்றி, நிலத்தடி வாகன நிறுத்தத்தின் கடைசித் தளத்துக்கு இறக்கிவிட்டாள். அங்கே மனிதர்கள் வருவதில்லை, சாலையகத்தின் சமிக்ஞையும் வருவதில்லை. தானோடிகளே தாமாக வந்து, தாமாக அடுக்கி நிற்கும் இடம் அது.

ஜாக்கி போட்டு முன்சக்கரங்களைத் தூக்கினார்கள். இருதயராஜ் அடியில் படுத்துக்கொண்டான்.

"திருப்புங்கக்கா."

"திருப்பிட்டேன்."

"திருப்புங்கன்னு சொன்னேன்."

"அட, முழுசாத் திருப்பிட்டம்ப்பா. இனி இந்தப் பக்கம் போகாது."

அடியில் அவன் இரண்டு சக்கரங்களையும் தட்டிப் பார்த்தான். பிறகு இருதயராஜின் தலை மட்டும் வெளியே வந்தது. "சக்கரம் அசையலீங்கக்கா."

அவள் மறுபக்கம் திருப்பினாள். ஸ்டீயரிங் வழக்கம்போல நயமாகச் சுழன்றது. வழக்கமான அந்த மெல்லிய எதிர்ப்புகூடக் கையில் தெரிந்தது. சக்கரம் இரண்டும் நேரே பார்த்துக்கொண்டு நின்றன.

முத்திரையை உடைத்தது குணவதிதான். தன் கையால் உடைத்தால் பிறகு யார்மேலும் பழி போட வேண்டியிருக்காது என்றாள். ஸ்டீயரிங்கிலிருந்து இறங்கிய தண்டு சாண் நீளம் வந்து, பெட்டிக்குள் ஒரு சின்ன மோட்டாரில் முடிந்திருந்தது. கைக்கு எதிர்ப்புக் கொடுப்பதுதான் அந்த மோட்டாரின் வேலை. பெட்டியின் மறுபுறத்தில் இன்னொரு மோட்டார் சக்கரங்களைத் திருப்பியது. அதற்குச் சாலையகம் சொல்வது மட்டும்தான் கேட்கும். இரண்டுக்கும் நடுவே இருந்த தண்டு அறுத்தெடுக்கப்பட்டிருந்தது.

"அப்ப பன்னெண்டு வருசமா நான் என்னத்தத் திருப்பிட்டு இருந்தேன்?"

இருதயராஜ் துணியால் கையைத் துடைத்தான். இத்தனைக்கும் கை சுத்தமாகத்தான் இருந்தது.

அன்று மாலையே அவள் பழனிவேலப்பனின் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவருக்குத் தெரியாமல் இருக்கும், சொன்னால் கொதித்துப் போவார் என்று எண்ணிப் போனாள். அவரோ சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு எழுந்துபோய் உள்கதவைச் சாத்தினார்.

"எனக்குத் தெரியுங்க அம்மணி."

"எப்படிங்க?"

"ஏழெட்டு வருசமிருக்கும். வளைவுல தும்மல் வந்துருச்சு. ஒண்ணில்ல, அடுக்குத் தும்மல். ரெண்டு கையும் எடுத்துட்டேன். கண்ணு முழிச்சுப் பார்த்தா, வண்டி அடுத்த வளைவுல அழகாத் திரும்பிட்டு இருக்குது. அன்னைக்குத் தொண்ணூத்தாறு மார்க்கு. என்ற வாழ்க்கையிலயே அதுதான் அதிகம்."

குணவதி சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

"ஆரு கிட்டயும் சொல்லாதீங்க. வாரத்துல ஆறு நாளு என்னை ஆரும் எதுக்கும் கேக்கறதில்ல. ஞாயித்துக்கெழம ஒருநாள் நாலு பேரு என்ற கையப் பாத்துப் பேசறாங்க. அதையும் புடுங்கிப் போடாதீங்க."

"நான் சொல்ல வரலீங்க. தண்டை மாட்டி, ஓட்டிப் பாக்கப் போறேன்."

அவர் முகம் மாறியது. கெஞ்சல் போய்த் தலைவர் வந்து உட்கார்ந்துகொண்டார். "அப்படின்னா கழகத் தலைவருங்கற முறையில நான் சாலையகத்துக்குச் சொல்லியாகணும். முத்திரை உடைச்ச வண்டியக் கொண்டு போயி நசுக்கிப் போடுவாங்க. பாத்துக்கங்க."

"சொல்லுங்க," என்று எழுந்தாள் குணவதி. "எந்த ஞாயித்துக்கெழமன்னும் சேத்துச் சொல்லிருங்க. வர்ற ஞாயிறு."

கணபதியில் ஒரு லேத் பட்டறையில் இருதயராஜ் புதுத் தண்டு கடைந்து வாங்கினான். நடுவே ஓர் ஊசி வைத்தான். ஊசியைச் செருகினால் கையும் சக்கரமும் ஒன்று, உருவினால் பெட்டியின் ராஜ்யம். மிதிகளுக்கும் அப்படியே நேர் இணைப்புக் கொடுத்தான். மூடிக்கிடந்த ஒரு மில்லின் வளாகத்தில், வண்டியின் நாலு முனையிலும் நூல் கட்டிச் சக்கரங்களை நேர் பிடித்தார்கள். குணவதி அங்கேயே ஓட்டிப் பழகினாள். முதல் நாள் ஒரு வேப்பமரத்தை நோக்கி வெகு நேர்த்தியாகப் போனாள். மரம் தப்பியது அதன் ஆயுசு கெட்டி என்பதால்தான்.

ஞாயிறு வந்தது. அடிவாரம்வரை சிவப்பு வண்டி பெட்டியின் பேச்சைக் கேட்டு நல்ல பிள்ளையாக வந்தது. அங்கே குணவதி குனிந்து ஊசியைச் செருகினாள். பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கிக் கணவர் மயில்சாமியின் மடியில் போட்டாள். ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுவதுதான் அவருடைய ஞாயிற்றுக்கிழமை வழக்கம். இன்று கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு விழித்திருந்தார்.

"ஏனுங், பயமா இருக்குதா?"

"இல்ல. கைக்கு வேற வேல இல்ல, அதான் புடிச்சிருக்கறேன்."

வண்டி நகர்ந்தது. ஸ்டீயரிங் கனத்தது, மாவாட்டுகிற மாதிரித் தோள் வரைக்கும் வேலை வாங்கியது. முதல் வளைவிலேயே அது அவளிடம் பேசத் தொடங்கிவிட்டது. தார் பெயர்ந்து ஒட்டுப்போட்ட இடம் சொரசொரவென்று வந்தது. நிழலில் ஈரம் காயாத இடத்தில் கனம் சட்டென்று குறைந்தது. கோரா துணி, மெர்சரைஸ் செய்தது, ரிப், டெர்ரி என்று சாலையையும் கை தானாகவே ரகம் பிரித்தது. கை மரத்துப் போகவில்லை. இத்தனை ஆண்டாக அதற்கு யாரும் எதையும் தொடக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

நாலாவது வளைவில் சாலையகத்தின் சிறு பறப்பான் ஒன்று கண்ணாடி ஓரமாகப் பறந்து வந்து இனிய குரலில் பேசியது. "அன்புள்ள பயணிக்கு வணக்கம். உங்கள் வண்டியை நீங்கள் ஓட்டிக்கொண்டிருப்பதாகத் தெரியவருகிறது. உடனடியாக ஓட்டுவதை நிறுத்தி, வண்டியை ஓட விடவும்."

"என்ன சொல்லுது அது?" என்றார் மயில்சாமி.

"நான் ஓட்டறேன்னு சொல்லுது," என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு களையை அவர் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

களை பதினோராவது வளைவுவரை இருந்தது. அங்கே கொஞ்சம் வேகமாக நுழைந்துவிட்டாள். கை சொன்னதைப் புத்தி கேட்பதற்குள் இடது பக்கம் கைப்பிடிச் சுவரில் உரசிக் கரகரவென்று ஒரு சத்தம். வண்டி குலுங்கி நின்றது. ஊரில் ஒரு வாகனம் எதிலாவது மோதி எத்தனையோ ஆண்டாயிற்று. பின்னால் வந்த கழக வண்டிகளெல்லாம் தாமாகவே வரிசையாக நின்றுவிட்டன. உள்ளே இருந்தவர்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டே இருந்தார்கள்.

மயில்சாமி கதவுப் பிடியை விடாமல் கேட்டார்: "எறங்கிரலாமா?"

"நீங்க வேணா எறங்குங்க. நான் போறேன்."

அவர் இறங்கவில்லை.

மேலே டீக்கடையருகில் சாலையக அதிகாரி இளம்பரிதி காத்துக்கொண்டிருந்தான். மொட்டைமாடியில் காய்ந்த வடகத்துக்குக் காவல் நிற்பவன் போல ஒரு சலிப்பு முகத்தில். கழகத்தார் இறங்கி வட்டமாகச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் நசுங்கிய தகரத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, சுட்டது போலக் கையை இழுத்துக்கொண்டார். இளம்பரிதி குணவதியைத் தனியே அழைத்தான். தனியே என்றால் நாலடி தள்ளி. எல்லாருக்கும் நன்றாகவே கேட்டது.

"அம்மா, பெட்டி பழுதுன்னு சொல்லிருங்க. புதுப் பெட்டி வெச்சுக் குடுத்துருவாங்க. வண்டி உங்க கிட்டயே இருக்கும்."

"நான் ஓட்டுனேன்னு சொன்னா?"

"நசுக்கற எடத்துக்குப் போயிரும்." அவன் குரலை இன்னும் தாழ்த்தினான். "அது மட்டுமில்லீங்கம்மா. நீங்க ஒருத்தர் கையில ஓட்டுனீங்கன்னு பதிவாச்சுன்னா, மத்தவங்கல்லாம் என்ன பண்ணிட்டு இருந்தாங்கன்னு கேள்வி வரும். எதுக்குங்கம்மா."

குணவதி திரும்பிப் பார்த்தாள். பழனிவேலப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பு வண்டி வெயிலில் நின்றது. அவள் முதல் சம்பளங்களைத் தின்றது, அவளோடு வயதானது. ஒரு வார்த்தை சொன்னால் அது அவளுடையதாகவே இருக்கும், இன்னும் நூறு ஞாயிறுகளுக்கு மதிப்பெண் தரும்.

"பெட்டிக்குப் பழுதில்லீங்க தம்பி," என்றாள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "பெட்டியப் புடுங்கிப் போட்டது நானு. ஓட்டுனதும் நானு. அந்தச் சுவத்துல இடிச்சதும் நாந்தான். அப்படியே பதிஞ்சுக்கங்க."

இளம்பரிதி பதியத் தொடங்கினான். பிறகு பழனிவேலப்பன் அவளருகில் வந்தார். தலைவர் குரல் எங்கேயோ போய்விட்டிருந்தது.

"இடிச்சப்ப கையில என்ன தெரிஞ்சுதுங்க?"

"எல்லாந்தாங்க," என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டுத் தம் வண்டிக்குப் போகாமல் அங்கேயே நின்றார்.

இளம்பரிதி பதிவுசெய்து முடித்தான். வண்டியைக் கீழே கொண்டுபோக வேண்டும் என்று இழுவையை அழைத்தான். அப்போதுதான் சிக்கல் தெரிந்தது. இழுவை வண்டி பெட்டியோடு பேசித்தான் இழுக்கும். மின்கம்பியைப் பிடுங்கியபோதே பெட்டி செத்திருந்தது, திரும்பச் செருகியும் அதற்கு உயிர் வரவில்லை. கையால் ஓட்டத் தெரிந்தவர் சாலையகத்தில் யாராவது உண்டா என்று மேலிடத்தில் கேட்டான். நெடுநேரம் காத்திருக்கச் சொன்னார்கள். கடைசியில் இல்லை என்றார்கள்.

"ஏறுங்க தம்பி," என்றாள் குணவதி. "நானே கொண்டாந்து ஒப்படைக்கறேன்."

மயில்சாமி பின்னிருக்கைக்கு மாறிக்கொண்டார். இளம்பரிதி முன்னால் ஏறி, சீட் பெல்ட்டை இரண்டு முறை இழுத்துச் சரிபார்த்தான்.

இறங்கத் தொடங்கியதுமே ஸ்டீயரிங் இடது பக்கம் இழுத்தது. சுவரில் உரசியபோது சக்கரம் லேசாகக் கோணியிருக்க வேண்டும். நூல் கட்டி நேர் பிடித்ததெல்லாம் ஒரு கணத்தில் போயிற்று. பெட்டி இருந்திருந்தால் இதைச் சத்தமில்லாமல் சரிசெய்து, நயமாக ஆக்கிக் கொடுத்திருக்கும். இத்தனை ஆண்டாக அவள் செய்த பிழை ஒன்றைக்கூட அது அவளுக்கு மிச்சம் வைத்ததில்லை.

"வண்டி ஒரு பக்கமாப் போகுதுங்களேம்மா," என்றான் இளம்பரிதி.

"போகத்தான் செய்யும். நான் பண்ணுனது."

வலது கையை இறுக்கி, அந்த இழுப்பை எதிர்த்துப் பிடித்தாள். தோள் வலித்தது. முதல் வளைவு முடிந்தது, முன்னால் இன்னும் முப்பத்தொன்பது வளைவுகள் கிடந்தன. ஒவ்வொன்றையும் முழுசாகத் திருப்பிவிட வேண்டும் என்று, அவள் வேகத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தாள்.