தகட்டின் அடியில் ஒரு பெயர்

தையல் மெஷின் பழுதுபார்க்கும் கடைக்குள் அந்தத் தையல்காரி நுழைந்தபோது கூடவே அவள் கொழுந்தனும் நுழைந்தான். காலால் மிதிக்கும் பழைய மெஷின் ஒன்றை ஆளுக்கொரு பக்கம் பிடித்திருந்தார்கள். தூக்கி வந்தார்களா, ஆளுக்கொரு பக்கம் இழுத்து வந்தார்களா என்று சொல்ல முடியாது.

பாவம், அவள் புருஷன் இறந்து ஒரு வருஷம். மறுநாள் காலையில் வாடகை அறையொன்றில் தனிக்கடை திறக்கப் போகிறாள். மெஷின் தன் அம்மா கொடுத்தது என்றாள். வலது கால் சூம்பிப்போன அந்த அம்மா இதில் தைத்துத்தான் இவளை ஆளாக்கினாளாம். கொழுந்தனோ, பன்னிரண்டு வருஷம் முன்பு இறந்த தன் அம்மாவுடைய மெஷின் இது, வீட்டைவிட்டுப் போகக் கூடாது என்றான்.

"பிரிச்சுப் பாருங்க. எங்கம்மா பேரை எங்கேயாவது கீறி வெச்சிருப்பாங்க."

கடையை நடத்தும் மெஷின்காரம்மா திருப்புளியை எடுத்தாள். பழைய மெஷினைப் பிரித்தால் அதை வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வருவார்கள்: உடைந்த ஊசிமுனை, யாரோ ஒருத்தியின் நீள முடி, எந்தக் காலத்துப் பச்சை நூலோ. கடைசியில், அடிநூல் சுற்றிய பாபினை மூடும் தகட்டைக் கையால் இழுத்துக் கவிழ்த்தாள். அடியில் கொழுந்தனின் அம்மா பெயர் இருந்தது.

"முடிஞ்சுதுக்கா" என்று துள்ளினாள், கடையில் கூடமாட வேலை செய்யும் மெஷின்காரம்மாவின் தங்கை. தையல்காரியின் முகம் வெளிறியது. ஆனாலும் மெஷினிலிருந்து கையை எடுக்கவில்லை.

அக்கா தகட்டைச் சுற்றி விரலை ஓட்டினாள். ஓர் ஓரம் மட்டும் அரத்தால் ராவியிருந்தது. உங்கள் அம்மா எப்படி மிதிப்பார்கள் என்று கொழுந்தனைச் சும்மா கேட்பதுபோல் கேட்டாள். இரண்டு காலையும் போட்டு மிதித்தால் தெருக்கோடிவரை கேட்கும் என்றான் அவன், பெருமையாக.

"இது மெஷினோட வந்த தகடு இல்ல தம்பி. அது தொலைஞ்சுபோச்சுன்னு உங்க அண்ணன் ரெண்டு வருஷம் முன்னாடி இங்க வந்தார். வேற மெஷின் தகட்டை நான்தான் ராவிப் பொருத்தினேன். பன்னிரண்டு வருஷம் முன்னாடி போனவங்க இதுல எப்படிப் பேர் எழுதுவாங்க?"

அது உங்கள் வாய்வார்த்தைதானே என்று அவன் சீறினான்.

"என் வாயை நம்ப வேணாம். மிதியைப் பாருங்க."

இரும்பு மிதியின் இடப்பாதியில் வார்ப்புப் பூக்கள் தேய்ந்து வழவழவென்றிருந்தன. வலப்பாதியில் இப்போதுதான் மழுங்கத் தொடங்கியிருந்தன.

"ரொம்ப வருஷம் ஒத்தைக் காலாலயே மிதிச்சிருக்காங்க. ஸ்க்ரூ கழட்டாம கையோட வர்ற தகடு இது ஒண்ணுதான், அதான் நீங்க இதுல கீறினீங்க. அது அடிக்கடி தொலையறதும் அதனாலதான்."

தங்கை நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கொழுந்தனின் குரல் இறங்கியது. மெஷின் யாருடையதாகவோ இருக்கட்டும், வீட்டிலிருந்தே தைக்கலாமே, சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் ஆள் வேண்டாமா என்றான். பெயரைக் கீறிய காரணம் தங்கைக்கு அப்போதுதான் விளங்கியது.

"தனியாப் போய் என்ன சாதிக்கப் போறீங்க, அண்ணி?"

தையல்காரி மெஷினை அவன் பிடியிலிருந்து தன் பக்கம் இழுத்தாள்.

"எட்டு மணிக்குக் கடை திறக்கிறேன் தம்பி. சட்டை தைக்கணும்னா வாங்க. மத்தவங்க மாதிரி வரிசையில நில்லுங்க."