வலப்பக்கத்து டான்சில்

டப்பிங் தொடங்கும் முன் அறையின் வெறும் அமைதியைக் கொஞ்ச நேரம் பதிவு செய்துகொள்வது அந்த ஒலிப்பதிவாளரின் வழக்கம். வசனங்களுக்கு நடுவே ஓட்டை விழுந்தால் அந்த அமைதியை வெட்டி ஒட்டிவிடுவார். அன்றும் அவள் மைக்கின் முன்னால் மூச்சை அடக்கிக்கொண்டு சிலை மாதிரி நின்றாள். ஹெட்போனில் அவர் குரல் வந்தது.

“எச்சில் முழுங்காதீங்க மேடம். நல்லா கேக்குது.”

அவள் விழுங்கவே இல்லை. இரண்டாம் முறையும் அதே சத்தம், ஈரமாக, சப்புக்கொட்டுவது போல. சரி, அப்புறம் சுத்தம் செய்துகொள்கிறேன் என்று அவர் சொல்லிவிட்டார்.

கார்ட்டூன் தொடரில் வரும் குட்டிப் பையனின் குரல் அவளுடையது. அதற்கு முன் கூட்டத்தோடு கூட்டமாகக் கத்துகிறவளாக இருந்தவள், ஒருநாள் காய்ச்சலோடு வந்து பேசினாள். வீங்கிய டான்சில் குரலில் ஒரு கரகரப்பையும் கொஞ்சலையும் சேர்த்துவிட்டது. இயக்குநர் துள்ளிக் குதிக்காத குறை; பையனை அவளுக்கே கொடுத்துவிட்டார். வீக்கம் வற்றினால் பையனும் போய்விடுவான் என்று பயந்து, காய்ச்சல் விட்டதுமே மாத்திரையை நிறுத்தினாள். பிறகு ஒவ்வொரு முறையும் அப்படியே. வம்பை விலை கொடுத்து வாங்குவது என்றால் இதுதான். வலப்பக்கத்து டான்சில் வீங்கியது வீங்கியபடியே நின்றுவிட்டது.

பெரியவர்களுக்கு டான்சிலைச் சும்மா எடுப்பதில்லை என்றார் மருத்துவர். வருடம் முழுக்கப் பழுத்துக்கொண்டே இருந்தால், தூக்கத்தில் மூச்சை அடைத்தால், திரும்பத் திரும்பச் சீழ் கட்டினால் எடுத்துவிடுவது நல்லது. பிறகு டார்ச்சை அணைத்துவிட்டு அவளை நேராகப் பார்த்தார்.

“ஒரு பக்கம் மட்டும் இப்படி வளர்ந்தா விட்டு வைக்கக் கூடாதும்மா. எடுத்து என்னன்னு பாத்துடணும்.”

குரல் மாறுமா என்று கேட்டாள். கொஞ்சம் மாறலாம் என்றார். அவ்வளவுதான், மற்ற எதையும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாற்றம் அதன் பிறகு வந்தது. கணவன் முதலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான், அப்புறம் தலையணையும் கையுமாகக் கூடத்துக்கே போய்விட்டான். டான்சிலின் குழிகளில் மஞ்சளும் வெள்ளையுமாகக் கட்டிகள் முளைத்தன. பஞ்சுக் குச்சியால் அழுத்தினால் பிதுங்கி வந்து நாக்கில் விழும். அதை விரலில் நசுக்கி முகர்ந்து பார்ப்பாள். குடலைப் புரட்டும். மறுநாளும் முகர்வாள். தன்னையே அருவருத்துக்கொண்டு முகர்வாள்.

அன்று பேச வேண்டியது பையன் காட்டில் தொலைந்துபோகும் காட்சி. அந்தச் சத்தம் மறுபடி கேட்டுவிடக் கூடாது என்று ஸ்டுடியோவின் கழிவறைக்குப் போய்த் தாழிட்டாள். செல்போன் வெளிச்சத்தில், கண்ணாடியில், வாயை அகலத் திறந்தாள். கொழகொழவென்ற சிவப்புச் சதை, அதன் மேல் பாலாடை போன்ற படலம், நடுவில் நேற்று அவ்வளவு பெரிதாக இல்லாத ஒரு குழி. குச்சியை உள்ளே விட்டாள். புளித்த சீழ் நாக்கில் வழிந்தது.

குழி குச்சியைப் பிடித்துக்கொண்டது.

இழுத்தாள். வரவில்லை. அது உறிஞ்சியது. விசுக்கென்று குச்சி கைக்கு வந்தபோது முனையில் பஞ்சு இல்லை. கதவைத் தட்டி, மேடம் டேக் போகலாமா என்று யாரோ கூப்பிட்டார்கள்.

பதிவு அறையில் சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் பையன் மரங்களுக்கு நடுவே வந்து நின்றான். அவள் வாயைத் திறந்தாள். நாக்கு மரத்துக் கிடந்தது. தொண்டையில் அவளால் அசைக்க முடிந்தது எதுவும் இல்லை.

ஆனாலும் ஹெட்போனில் பையன் அழுதான். கரகரப்பு. கொஞ்சல். எல்லாம் சரியாக.

“அம்மா, நான் இங்கதான் இருக்கேன்மா.”

ஒலிப்பதிவாளர் கட்டைவிரலை உயர்த்திச் சிரித்தார். இதுவரை இப்படிப் பேசியதே இல்லை மேடம் என்றார். தடுப்புக் கண்ணாடியில் அவள் தன் வாயைப் பார்த்தாள். நாக்கு அசையவில்லை. உதடு அசையவில்லை. உள்ளே, வலப்பக்கத்தில், அந்தக் குழி விரிந்தது. மூடியது. பையனின் உதட்டசைவுக்குத் துல்லியமாக.

அவள் வாயை மூடப் பார்த்தாள். தாடை இறங்கவில்லை, ஏறவில்லை. அடுத்த வசனம் நீளமானது.

அவள் நெஞ்சு விம்மியது. அந்தக் குழி மூச்சு எடுத்துக்கொண்டது.