மாதாவின் கிரீடமும் நாற்பதாம் பக்கமும்

லோஜினி அந்தத் தாளைச் செல்வரத்தினத்தின் மேசைமேல் வைத்தாள். அட்டனில் ஓர் அச்சகத்தில் அவளுக்குத் தட்டச்சு வேலை. மலைமேல் இருக்கும் கத்தோலிக்க ஆண்கள் விடுதிப் பள்ளியின் நூற்றிருபத்தைந்து வருட வரலாறு புத்தகமாக வருகிறது. நாற்பதாம் பக்கம் வரை தட்டியவளுக்கு அதற்கு மேல் விரல் ஓடவில்லை.

"இதுல இருக்கிற அழகன் எங்க அப்பாங்க ஐயா. திங்கக்கிழமை அச்சுக்குப் போகுது. ராகலையில எங்க தோட்டத்துப் புள்ளைங்களும் அந்தப் பள்ளியிலதான் படிக்குதுங்க. புத்தகம் வந்துச்சுன்னா அப்பா லயத்து வீட்டுக்காரங்க முன்னால தலைகாட்ட மாட்டாங்க. ரெண்டு நாளா சாப்பிடல. நான் எடுக்கலன்னு ஒரே ஒரு தடவ சொன்னாங்க, அவ்வளவுதான்."

கல்வி அலுவலகத்தில் விசாரணை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற செல்வரத்தினம் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். யாழ்ப்பாணத்துக்காரர், மலைக்கு வந்து நாற்பது வருடமாகியும் பேச்சும் மாறவில்லை, குடையும் மாறவில்லை. அவருடைய ஆட்டோ சாரதி விஜிதரன் தோளுக்கு மேலால் எட்டி வாசித்தான். துப்பறிவதில் அவனுக்கு அவரைவிட ஆசை அதிகம், பொறுமைதான் கிடையாது.

1988 ஏப்ரலில் மாணவன் உமாசுதன் கொடுத்த வாக்குமூலம் அது: 'பெரிய வியாழன் மாலை மாதா சுரூபத்தின் வெள்ளிக் கிரீடம் மெழுகுதிரி வெளிச்சத்தில் மின்னியதைக் கண்டேன். பூசை முடிந்ததும் அழகன் மட்டும் கோவிலில் தனியே நின்றான். பிறகு விடுதியை விட்டு ஓடினான். உயிர்த்த ஞாயிறன்று கிரீடம் இல்லை.' அதன் கீழே, கிரீடம் கடைசிவரை கிடைக்கவில்லை என்றும் அழகன் நீக்கப்பட்டான் என்றும் இருந்தது.

"கண்ணால பாத்தேன்னு சொல்லியிருக்காரே ஐயா," என்ற விஜிதரன் லோஜினியின் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஏன் பிள்ளை அப்பா அண்டைக்கு விடுதியை விட்டுப் போனவர்?" என்று கேட்டார் செல்வரத்தினம்.

"அப்பாயி, அதான் அப்பாவோட அம்மா, கொழுந்து பறிக்கிற மலையில வழுக்கி விழுந்துட்டாங்கன்னு ஆள் வந்துச்சாம். அப்பா கோவில்ல ஒரு நிமிசம் கும்பிட்டுட்டு ஓடியிருக்காங்க. திரும்பிப் போனா கேட்ல நிப்பாட்டிட்டாங்க. அந்த வருசம் சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்தாங்க. எழுதவே இல்லைங்க."

மறுநாள் சனிக்கிழமை, குருத்து ஞாயிறுக்கு முதல் நாள். பள்ளிக் கோவிலுக்குள் கால் வைத்த விஜிதரன் திகைத்து நின்றான். சுரூபச் சிலைகள் எல்லாம் ஊதாச் சீலைக்குள் மறைந்திருந்தன. பக்கச் சுவரில் உயரத்தில் இருந்த மர மாடத்திலும் மாதாவைக் காணோம், சீலைதான் தெரிந்தது.

"என்னங்க பாதர், பெயின்ட் அடிக்கப் போறீங்களா?"

பள்ளித் தலைவரான இளம் ரெக்டர் சிரித்தார். "இல்ல தம்பி. தவக்காலத்துக் கடைசி ரெண்டு வாரம் மூடி வைப்போம். உயிர்த்த ஞாயிறுக்கு முதல் ராத்திரி, பாஸ்காத் திருப்பலியிலதான் தொறப்போம். பள்ளி தொடங்கின நாள்லேருந்து இதுதான் வழக்கம்."

"மூடுறது ஆர் பாதர்?" என்று செல்வரத்தினம் கேட்டார்.

"கோவில் பொறுப்பு மாணவன்."

வரலாற்று நூலுக்காகப் பழைய ஏடுகளெல்லாம் ஏற்கெனவே தூசி தட்டி எடுத்து வைக்கப்பட்டிருந்தன. செல்வரத்தினம் 1988க்கான கோவில் பணி ஏட்டை வாங்கி ஒரு பக்கத்தைப் படித்தார். பின் அதை மூடிவிட்டு, அழகனைக் கூட்டிவரச் சொல்லி விஜிதரனை லோஜினியோடு ராகலைக்கு அனுப்பினார். ஏட்டில் என்ன இருந்தது என்று தெரியாமலே அத்தனை வளைவுகளையும் ஓட்டியது விஜிதரனுக்குப் பெரிய தண்டனையாகத்தான் இருந்தது.

அவன் திரும்பி வந்தபோது பள்ளியின் நூற்றிருபத்தைந்தாம் ஆண்டு விழாக் குழுக் கூட்டம் முடிந்திருந்தது. வாக்குமூலம் கொடுத்த அதே உமாசுதன், இப்போது பழைய மாணவர் சங்கத் தலைவர், கோவிலுக்குள் ரெக்டரோடு நின்றார். கொழும்பில் பெரிய உத்தியோகம், சாந்தமான முகம்.

"அந்தக் குடும்பம் ஏன் மனம் நோகவேணும்? நாற்பதாம் பக்கத்தை எடுத்துவிடுவம்," என்றார். நல்ல மனுசன் என்று விஜிதரன் நினைத்துக்கொண்டான்.

அழகன் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலோடு நின்றுகொண்டார். மகள் கையைப் பிடித்து இழுத்தும் உள்ளே வரவில்லை.

"பக்கத்தை எடுத்தாலும் கள்ளன் எண்ட பேர் அவரோடதான் இருக்கும்," என்றார் செல்வரத்தினம். "ஒண்டு கேக்கலாமோ? வியாழன் பின்னேரம் கிரீடம் மின்னினதை எங்க இருந்து பாத்தனீங்கள்?"

"அந்த மூண்டாம் வாங்கில இருந்து," என்று வரிசையாகக் கிடந்த மர இருக்கைகளைக் காட்டினார் உமாசுதன்.

"இப்ப அதில இருந்து பாருங்கோ."

உமாசுதன் திரும்பி, ஊதாச் சீலையைப் பார்த்தார்.

"பெரிய வியாழன் உயிர்த்த ஞாயிறுக்கு மூண்டு நாள் முதல். அண்டைக்கும் சீலை இருந்தது," என்றார் செல்வரத்தினம். "கிரீடத்தை ஒருத்தரும் கண்டிருக்கேலாது. விசாரணை நடந்தது பாஸ்கா முடிஞ்சு ஒரு கிழமையால. முன்னால திறந்த சுரூபம் இருக்கேக்க, மூடியிருந்த நாளை ஆருக்கு ஞாபகம் வரும்? வருசா வருசம் பாத்துப் பழகினதால எல்லாரும் விட்டிட்டினம். விஜிதரன் புதுசாப் பாத்தவன், அதால கேட்டான்."

"அப்ப ஏன் ஐயா பொய் சொல்லணும்?" என்றான் விஜிதரன்.

"வியாழன் வரைக்கும் கிரீடம் இருந்தது எண்டு காட்டவேண்டிய தேவை ஒராளுக்குத்தான். அதுக்கு முதல் அதில கை வைச்சவருக்கு." ஏட்டைத் திறந்து காட்டினார். "சுரூபங்களை மூடினது உமாசுதன் எண்டு எழுதியிருக்கு. சீலை கட்டேக்க கிரீடம் முறிஞ்சிருக்கும். ஏணிக்குக் கீழ மற்றப் பிள்ளையள். முறிஞ்சதைக் கையில கொண்டு இறங்கேலாது, மேலயே எங்கயாவது விட்டிருக்கவேணும். விஜிதரன், இந்தக் குடையைக் கொண்டு ஏறும். மாடத்துப் பலகைக்கும் சுவருக்கும் நடுவில விட்டுப் பாரும்."

ரெக்டர் தலையசைத்தார். விஜிதரன் ஏணியில் ஏறி, குடையின் வளைந்த பிடியை இடுக்குக்குள் விட்டுத் துழாவினான். முதலில் ஒட்டடை வந்தது. மூன்றாம் தடவை ஏதோ கொளுவியது. கறுத்துப் போன கிரீடம். முன்பக்கத்துச் சிலுவை உடைந்து ஒரு கம்பியில் தொங்கியது. முப்பத்தேழு வருடமாக ஒரு மனிதனைத் திருடனாக்கிவிட்டு அது இங்கேயே கிடந்திருக்கிறது.

உமாசுதன் வாங்கில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு அப்ப பதினஞ்சு வயசு," என்றார் மெதுவாக. "சரியாப் பயந்திட்டன்."

அழகன் அப்போதுதான் உள்ளே வந்தார். கிரீடத்தைத் தொடவில்லை. கோபமாகவும் பேசவில்லை, பழைய வழக்கப்படி மரியாதையாகத்தான் சொன்னார்.

"எனக்கும் அப்ப பதினஞ்சு வயசுதாங்க."

லோஜினி கண்ணைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து நாற்பதாம் பக்கத்தை எடுத்து ரெக்டரிடம் கொடுத்தாள். அவர் பேனாவைத் திறந்து, வாக்குமூலம் முழுவதையும் அடித்துவிட்டு அழகனைப் பார்த்தார்.

"என்ன எழுதணும்னு நீங்களே சொல்லுங்க."

அழகன் தாளை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார். அடித்த வரிகளில் ஒன்றின்மேல் விரலை வைத்தார்.

"ஓடினான்னு இருக்குங்க பாதர். அம்மாவைப் பாக்கப் போனான்னு போடுங்க."